தளவாய் கடையில் தீராத ஒரு ரூபாய்

பழவங்காடியில் இறங்கி, தளவாய் பாத்திரக்கடை எது என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் முழிக்க மாட்டார். மூன்றாம் வகுப்போடு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, ஓட்டலில் அண்டா தேய்த்த பையன், பின்னால் அந்த ஓட்டலுக்கே அண்டா விற்கும் ஆளாக வளர்ந்தான் என்றால் சும்மா இல்லை. கைதூக்கி விட ஒருவரும் கிடையாது. கடைக்கு வருகிறவர்களிடம் தளவாயே இதைச் சொல்வார். சொல்லத் தகுதி இருந்தது, சொன்னார்.

வியாபாரத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. யாருடைய கணக்கையும் முழுசாகத் தீர்க்க விட மாட்டார். எல்லாம் கொடுத்து முடிக்கும் நேரத்தில், "அந்த ஒரு ரூவா கெடக்கட்டும்வே, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்று தள்ளிவிடுவார். பாக்கி இல்லாத ஆள் மறுபடி எதற்குப் படியேற வேண்டும்? சமையல்காரர், மண்டபக்காரர், டீக்கடைக்காரர் என்று எத்தனையோ பேர் கணக்கில் அந்த ஒற்றை ரூபாய் உறங்கிக் கிடந்தது.

கணக்கு பார்ப்பது மருமகள் அஜிதா. கம்ப்யூட்டரில் கணக்கு எழுத வாங்கியிருந்த பழைய சாஃப்ட்வேருக்கு அந்தக் கம்பெனி வருடா வருடம் சந்தாவை ஏற்றியது. கட்டாவிட்டால் கணக்கே திறக்காது.

"நம்ம கணக்க நாம பாக்க அவனுக்க அனுமதி வேணுமா மாமா? புதுசு ஒண்ணு இருக்கு. காசு இல்ல, எல்லாருக்கும் தொறந்து வச்சிருக்காங்க. அதுக்கு மாத்திடலாம்," என்றாள்.

வாடகை என்ற பேச்சே தளவாய்க்கு ஆகாது. அதற்காகவே கடன்பட்டுக் கடையைச் சொந்தமாக வாங்கியவர். மாற்று என்றார்.

மாற்றுவது லேசாக இல்லை. பழையதில் ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் கிடந்தார். 'போனக்காடு கேன்டீன்', 'வித்துரா ஓட்டல்', 'ஞானையன்' மூன்றும் ஒருவரே என்று சொல்லத் தளவாயை விட்டால் ஆள் இல்லை. மார்ச் மாதம் முழுக்க மருமகள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போனது. "அண்டா தூக்குன காலத்துலகூட இப்படி அசரல," என்றார். கடைசியில் பழையதும் புதியதும் ஒத்துப்போனபோது, சந்தோஷப்படக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

பாக்கி வைத்தவர்களுக்குப் புதிய சாஃப்ட்வேர் தானாகவே செய்தி அனுப்பும். அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அஜிதாவுக்குத் தெரியவில்லை. ஏப்ரல் பிறந்ததும் அத்தனை பேர் கைப்பேசிக்கும் போய்விட்டது: உங்கள் பாக்கி ஒரு ரூபாய். கெடு கடந்துவிட்டது. உடனே செலுத்தவும்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. சிலர் சிரித்தார்கள். பலர் கூப்பிடாமல் கைப்பேசியிலேயே ரூபாயை அனுப்பிக் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயராகத் தீரத் தீரத் தளவாய் நாற்காலியில் சரிந்துகொண்டே போனார்.

மத்தியானம் ஞானையன் நேரிலேயே வந்தார். கடை திறந்த அன்று முதல் அண்டாவை வாங்கியவர் அவர்தான். அப்போது போனக்காடு எஸ்டேட்டில் கேன்டீன் நடத்தினார். இப்போது வித்துராவில் ஓட்டல். உட்காரவில்லை. ஒரு நாணயத்தை மேசைமேல் வைத்தார்.

"எண்ணிப் பாத்துக்கிடும் அண்ணாச்சி."

"என்ன ஞானையா நின்னுக்கிட்டு? டீ சொல்லுதேன்."

"வேண்டாம். அதுக்கும் மெசேஜ் வரும்."

அஜிதா எழுந்து வந்தாள். "மாமாவுக்குத் தெரியாது அங்கிள். என்மேலதான் தப்பு. கம்ப்யூட்டர் தானா அனுப்பிடுச்சு."

"எனக்க மவன் அத ஓட்டல்ல ஆளுங்க முன்னால வாசிச்சான் மோளே. கெடு கடந்துபோச்சாம்." அவர் குரல் உயரவில்லை. "நான் குடுத்தப்பல்லாம் வாங்காம தள்ளினது இவருதான். வரவு வச்சு ரசீது குடு. நான் போறேன்."

மன்னிப்புக் கேட்டுத் தளவாய்க்குப் பழக்கமில்லை. இந்த ஆள் இப்படியே படியிறங்கினால் இனி ஏற மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வரவு வை அஜிதா."

அவள் தட்டினாள். ஞானையன் கணக்கில் முதல் தடவையாகப் பாக்கி ஒன்றும் இல்லை. ரசீது வந்தது.

தளவாய் உள்ளே போய் ஒரு பெரிய ஜல்லிக்கரண்டியை எடுத்துவந்து துடைத்தார். "போன தடவ வந்தப்ப பழைய கரண்டி, பிடி ஆடுதுன்னு சொன்னீரு. இத எடுத்துக்கிடும்."

ஞானையன் கரண்டியைப் பார்த்தார். பிடியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "என்ன வெல?"

"நானூத்தி ஒண்ணு."

அது நானூறு ரூபாய்க் கரண்டி. அஜிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞானையன் நானூறை எடுத்து வைத்தார். சட்டைப்பையைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"சில்லறை இல்ல அண்ணாச்சி."

"கெடக்கட்டும்வே."

ஞானையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீயில சீனி வேண்டாம். சுகர் வந்தாச்சு."

"மாமா, இது கெடு தேதி கேக்குது," என்றாள் அஜிதா.

"எவ்வளவு தள்ளிப் போடலாமோ அவ்வளவு தள்ளிப் போடு. மெசேஜையும் நிறுத்து."

டீ குடித்து ஞானையன் பஸ்ஸுக்குப் போனார். திரையில் கணக்குத் தீர்ந்தவர்களின் பெயர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. தளவாய் கண்ணை மூடிச் சாய்ந்தார்.

"முதல் பேர வாசி," என்றார். "அவனுக்கு என்ன தேவைப்படும்னு பாப்போம்."