உதடு சொன்ன விளிம்பு

எல்லாரும் கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பார்கள். விளிம்பக்காவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முள், சக்கரம், கண்ணாடி எல்லாம் மற்ற மேசைகளுக்குப் போய்விடும். அவளிடம் வருவது வெறும் கேஸ், கடிகாரத்தின் உலோகக் கூடு. ஒரு காரின் விலை கொடுத்து வாங்கியதைக் கதவிடுக்கிலும் படிக்கட்டிலும் கொடுத்து நசுக்கிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். அவள் லேசரில் உலோகக் கம்பியை உருக்கிப் பள்ளத்தை நிரப்பி, சுழலும் தட்டில் தேய்த்து, புதுசாக்கிக் கொடுப்பாள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. எதைப் பேச ஆரம்பித்தாலும் “விளிம்பு போயிடக் கூடாது” என்றுதான் முடிப்பாள். பட்டறையில் அதுவே பேராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

பளபளப்பாக்க யாராலும் முடியும். மோட்டாரில் காட்டினால் தகர ஸ்பூன்கூடப் பல்லை இளிக்கும். பளபளப்பான பக்கமும் மங்கலான பக்கமும் சந்திக்கும் கோடு கூராக நிற்க வேண்டும், வித்தை அதில்தான் இருக்கிறது. ஒரு தேய்ப்புக் கூடினால் குளித்து முடித்த சோப்பு மாதிரி உருண்டுவிடும். கண்ணை நம்ப முடியாது, வெளிச்சம் ஏமாற்றும். அதனால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்தவர் கண்ணை மூடிக் கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பார்ப்பார். பிறகு முதலாளி ஒரு தடவை. இரண்டு விரலும் சரி என்றால்தான் கேஸ் மேசையை விட்டு நகரும்.

அந்தக் கட்டைவிரல் எட்டு மாதமாக அவளுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தது. முதலில் நுனி வெளுத்தது. பிறகு மரத்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை: இருபத்தாறு வருட மோட்டார் அதிர்வு, நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, மோட்டாரைத் தொடாதீர்கள். வீட்டில் கணவரிடம், “சத்துக் குறைவாம், மாத்திரை குடுத்திருக்காங்க” என்றாள். பட்டறையில் அதுவும் சொல்லவில்லை. பயம். அந்த மேசையிலிருந்து எழுந்துவிட்டால் தான் யாருமே இல்லை என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

ஆனால் கெட்டிக்காரி, சும்மா இருப்பாளா? கீழுதட்டைக் கண்டுபிடித்தாள். யாரும் பார்க்காதபோது கேஸை வாயருகே கொண்டுபோய், ஊதித் துடைப்பதுபோல் விளிம்பை உதட்டில் ஓட்டிப் பார்ப்பாள். உதடு பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால் விரலைவிட நுணுக்கமாகச் சொன்னது. எட்டு மாதம் ஒரு கேஸ்கூடத் திரும்பி வரவில்லை.

அன்று காலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“இன்னைக்கு ஒரு நாள் லீவ் போட்டா என்ன?” என்றார் கணவர்.

“பல்லாலயா தேய்க்கிறேன்? பேசாம கொண்டுபோய் விடுங்க.”

மேசையில் காத்திருந்தது ஒரு கண் டாக்டரின் ஸ்டீல் கேஸ். பட்டை மாட்டும் நான்கு காதுகளில் ஒன்று கார் கதவில் நசுங்கியிருந்தது. அதைப் போன வாரமே நிரப்பியாயிற்று. விளிம்பு எடுப்பதுதான் பாக்கி. தட்டில் வைத்துத் தேய்த்தாள். உதட்டில் ஓட்டினாள். விளிம்பே இல்லை. மொழுமொழுவென்று, ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. சரி, கை தவறியிருக்கும் என்று மறுபடி தேய்த்தாள். மறுபடி ஓட்டினாள். இல்லை. மூன்றாவது தடவையும் தேய்த்து ஓட்டினாள். விரல் போன மாதிரி கையின் கணக்கும் போய்விட்டதோ என்று நினைத்தாள். நான்காவது தடவை உதட்டில் அழுத்தியே இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

துடைக்க எடுத்த வெள்ளைத் துணி சிவப்பாக வந்தது.

ஒரு நிமிடம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். கீழுதட்டில் நான்கு கீறல். மோவாய் வரை ரத்தம் வழிந்திருந்தது. பல் டாக்டர் போட்ட ஊசி உதட்டையும் சேர்த்துத் தூங்கவைத்திருந்தது. காலையில் டம்ளரில் தண்ணீர் குடித்தபோது பாதி ரவிக்கையில் கொட்டியும் அவளுக்கு அது உறைக்கவில்லை. முதல் தடவையே விளிம்பு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று தடவை நல்ல இரும்பைத் தேய்த்துத் தூளாக்கியிருக்கிறாள்.

அந்தக் காது மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் நோஞ்சானாக நின்றது.

வழி இல்லாமல் இல்லை. லேசரில் மறுபடி நிரப்பலாம். ஆனால் நிரப்பினால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். எதை வைத்துத் தொடுவது? சாயங்காலம் முதலாளியிடம் காட்டியாக வேண்டும், அதற்குள் இந்தக் கீறிய உதடு உதவாது. இன்னொரு வழி திருட்டு வழி: மற்ற மூன்று காதுகளையும் இதே அளவுக்கு இளைக்க வைத்துவிட்டால் கண் டாக்டருக்கென்ன, கடவுளுக்கே தெரியாது. மோட்டாரைப் போட்டாள். இரண்டாவது காதைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எங்கே நிறுத்துவது என்று தனக்குத் தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. திருடுவதற்குக்கூட விரல் வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டு, துணியை வாயில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

சாயங்காலம் முதலாளி வந்தாள். அப்பா விட்டுப்போன பட்டறையை நடத்துகிறவள். பள்ளிக்கூடப் பையோடு இந்த மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். வழக்கப்படி கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டினாள்.

“அக்கா, விளிம்பு கத்தி மாதிரி நிக்குது.” கண்ணைத் திறந்தாள். “ஆனா இது ஏன் இவ்வளவு மெலிஞ்சிருக்கு? உங்க உதட்டுல என்ன?”

பொய்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட எடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

“என் விரல் செத்துப்போச்சும்மா. எட்டு மாசமா உதட்டை வச்சுத்தான் ஓட்டினேன். இன்னைக்கு அதுவும் மரத்துப்போச்சு.”

“சும்மா விளையாடாதீங்கக்கா. எட்டு மாசமா உங்க வேலையை நான்தானே பார்க்கிறேன்?”

நம்பவில்லை. நம்ப விருப்பமும் இல்லை. பட்டறையே அந்த மேசையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பக்கா மேசையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து அவள் கையில் திணித்தாள். கட்டைவிரலை நீட்டினாள்.

“வழக்கப்படியே பார்த்துடுவோம். நான் கண்ணை மூடிக்கிறேன். நீ குத்து. கொஞ்சமாச்சும் உயிர் இருந்தா சொல்றேன். எட்டு மாசத்துல நானே இதைச் செஞ்சு பார்க்கலை, தைரியம் வரலை.”

“அக்கா, வேண்டாமே.”

“குத்தும்மா.”

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். துளியாவது இருக்கும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஒரு சின்னச் சுருக் போதும், மோட்டாருக்கு ஒரு வருடம் ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பி வரலாம். காத்திருந்தாள். வெளியே யாரோ ஷட்டரை இழுத்தார்கள். எதிரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஏம்மா அழுவுற? எனக்கு ஒண்ணும் வலிக்காது, குத்து.”

“குத்திட்டேன்க்கா,” என்றாள் அவள். “ஊசி உள்ளேதான் இருக்கு.”