கொடிக்கால் கரையில் குதிரைகள்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுவேன், அப்போதுதான் அடுத்துச் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கும். எங்கள் ஊர்க் காளவாசல் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன், அதே காளவாசலில் சொந்தமாகப் பம்ப்செட் கடை போட்டேன். சோழவந்தான் பக்கத்து வயல்களில் ஓடுகிற மோட்டாரில் பாதி என் கை பட்டது. ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வேன். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவன் வயதான காலத்தில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை போடுகிறான் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் டிவி பார்க்கிறார்கள், நான் போர் நடத்துகிறேன்.

சாயநூல் வியாபாரம் செய்து ஓய்ந்த சௌராஷ்டிரக்காரர் ஒருவர் வீட்டில்தான் எங்கள் சங்கம் கூடும். அவர் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மோட்டாரைப் பார்க்க மாடி ஏறியபோதுதான் அந்தப் பெரிய மேஜையைக் கண்டேன். மேஜை மேல் மேடு, பள்ளம், ஆறு, தோப்பு, அதற்கு நடுவே ஓர் இஞ்ச் உயரத்தில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் மீசை வரைந்திருந்தது. பழைய காலத்துச் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்துக் குதிரை எவ்வளவு தூரம் ஓடும், துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. டேப் வைத்து அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி அடிதடியைத் தீர்க்க வேண்டும். வீட்டுக்காரர்தான் எப்போதும் நடுவர். அன்று மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகும் நான் கீழே இறங்கவில்லை. விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் கொடுக்க என் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அதில் விழுந்துவிட்டார். இரண்டாவது மாதமே அந்த மேஜையில் எல்லோரையும் ஜெயித்தேன். வேண்டுமானால் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

மாப்பிள்ளை இன்ஜினியரிங் படித்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு என் கடையிலேயே கூட இருந்தார். என் குரல் பெரியது, மோட்டார் ஓடுகிற இடத்தில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. ஒருநாள் கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, “எவன்டா இந்த ஸ்டார்டரைத் தலைகீழா மாட்டுனது?” என்று கத்தினேன். மாட்டியது அவர். எல்லோரும் பார்க்கக் கழற்றித் திருப்பி மாட்டினார். அடுத்த மாதம் வாடிப்பட்டியில் தனியாகச் சோலார் பம்ப் கடை பார்த்துக்கொண்டு போய்விட்டார். மகளும் பேத்தியும் அவரோடு போனார்கள். கடைத் திறப்புக்கு மகள்தான் போனில் கூப்பிட்டாள். அவர் வாயால் கூப்பிடவில்லை என்று நான் போகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருவதை மட்டும் அவர் விடவில்லை. வாடிப்பட்டியிலிருந்து பைக்கில் வருவார். “வாங்க மாப்ள” என்பேன், “வாரேன் மாமா” என்பார். மேஜையில் ஒரே பக்கம் நிற்போம். முடிந்து படி இறங்கும்போது பேத்தியின் படத்தைப் போனில் காட்டுவார். எங்களுக்குள் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அதுவும் அறுந்துவிட்டால் பண்டிகைக்கு மட்டும் பார்க்கிற உறவாகிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அவர் பைக் சத்தம் தெருவில் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்காது.

அப்படி இருக்கும்போதுதான் நடுவர் புது விதி ஒன்றைக் கொண்டுவந்தார். தளபதி மேஜையைப் பார்க்கக் கூடாதாம். வேறு அறையில் ஒரு வரைபடத்தோடு உட்கார வேண்டும். நடுவர் வந்து சேதி சொல்வார், உத்தரவு வாங்கிப் போவார். மேஜையில் நிற்பவர்கள் அதன்படி படையை நடத்த வேண்டும்.

“அந்தக் காலத்துல தளபதி என்ன பறந்துக்கிட்டா பாத்தான்? ஆள் வந்து சொன்னாத்தான் தெரியும்” என்றார்.

“அப்ப நம்மண்ணனை உள்ள உக்கார வைங்க” என்றார் எங்கள் பக்கத்து ஆள், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். “கண்ணைக் கட்டிவிட்டாலும் ஜெயிப்பேன்னு போன வாரந்தான சொன்னாரு!”

சொன்னது நிஜம்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை தட்டினாரா என்று பார்த்தேன். அவர் குதிரைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

பாளையக்காரர் படை எங்களுடையது, எதிரே கும்பெனிப் படை. இடம் வைகைக் கரை, சோழவந்தான் பக்கம். கண்டக்டருக்குக் காலாள், மாப்பிள்ளைக்குக் குதிரை. வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆற்றுக்கும் எங்களுக்கும் நடுவே வெற்றிலைக் கொடிக்கால் ஒன்று இருந்தது. கொடிக்காலுக்குள் அடிக்கு அடி வாய்க்கால் ஓடும், அகத்தி மரம் நெருக்கி நிற்கும். அந்தப் பக்கம் நான் மோட்டார் இறக்காத கிணறு கிடையாது. குதிரை அதற்குள் இறங்கினால் திரும்பி வராது. கொடிக்காலின் இந்தக் கரையில் நிற்க வேண்டும், எதிரி ஆற்றைத் தாண்டி மணலில் தடுமாறும்போது பக்கவாட்டில் சுற்றிப் பாய வேண்டும். அவ்வளவுதான் போர்.

நூல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எதிர்ப்பக்கத் தளபதியான பேங்க் மேனேஜரைக் கீழே கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு நடுவர் வீட்டம்மா காபியும் முறுக்கும் கொடுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எனக்குச் சாயவாடைதான்.

நடுவர் வந்தார். “சொல்லுங்கண்ணே, முதல் உத்தரவு.”

“கண்டக்டரை ஆத்துத் துறையில நட்டு வைங்க. ஒரு அடி நகந்தா காலை ஒடிச்சிருவேன்னு சொல்லுங்க.”

“சரி. குதிரைக்கு?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு உத்தரவு போடுவது எப்படி? அதுவும் என் மாப்பிள்ளைக்கு, எங்களுக்குள் இருந்த நிலைமையில். ‘நில்லு’ என்று சொல்லி அனுப்பினால், பத்துப் பேர் முன்னால் நடுவர் அதை அப்படியே ஒப்பிப்பார்.

“மாப்பிள்ளைக்குச் சௌகரியப்பட்டா, கொடிக்காலுக்குள்ள எறங்காம, இந்தக் கரை ஓரமா கொஞ்ச நேரம் இருந்துக்கிட்டா நல்லாருக்கும்னு சொல்லுங்க.”

நடுவர் என்னையே பார்த்தார். “அண்ணே, இது உத்தரவா, கல்யாண வீட்டு அழைப்பா?”

“சொன்னதைச் சொல்லுங்கய்யா.”

“சொல்றேன். ஆனா விதிப்படி இது உத்தரவு கெடையாது. இருக்குறதும் போறதும் அவரு இஷ்டம்.”

“இஷ்டமாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது. இஷ்டம் என்று விட்டுவிட்டேனே! இளம் ரத்தம், எதிரியைக் கண்டதும் குறுக்கு வழியில் கொடிக்காலுக்குள் விட்டால்? தோற்றால் என்னைச் சொல்ல மாட்டார்கள், குதிரைக்காரரைத்தான் சொல்வார்கள். ‘மாமனார் சொல்லியும் கேக்கலியே’ என்று கண்டக்டர் ஒருவர் சொன்னால் போதும், அடுத்த ஞாயிறு பைக் வராது.

என் வாழ்நாளில் ஒரு வேலையையும் கண்ணால் பார்க்காமல் நான் செய்ததில்லை. ஆள் போட்டால் பக்கத்தில் நிற்பேன். அப்படி நின்றுதான் ஆளானேன். இப்போது ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பகடை உருளும், யாரோ சிரிப்பார்கள், டேப் சர்ரென்று உள்ளே இழுக்கும். மாப்பிள்ளை குரல் மட்டும் வரவே இல்லை.

நடுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்துபோனார். கண்டக்டரிடமிருந்து மூச்சு விடாமல் சேதி வந்தது. பீரங்கி அடிக்கிறான், ஆள் பத்தவில்லை, வெயில் அடிக்கிறது, ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

“மாப்பிள்ளைகிட்டருந்து?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“என்னமாச்சும் சொல்லியிருப்பாரே. மொகம் எப்படி இருந்துச்சு?”

“மொகத்தைப் பத்திச் சொல்ல விதியில எடமில்ல” என்று போய்விட்டார்.

கோபமாக இருக்கிறாரோ? நான் சொல்லி அனுப்பியதே குத்தலாகப் பட்டுவிட்டதோ? ‘சௌகரியப்பட்டா’ என்றது கிண்டல் மாதிரிக் கேட்டிருக்குமோ? எழுந்தேன், உட்கார்ந்தேன். வரைபடத்தில் கொடிக்கால் இருந்த இடம் என் விரல் வியர்வையில் நைந்துவிட்டது. இன்னொரு சேதி அனுப்பலாம் என்றால், முதல் சேதியே தப்பாகியிருந்தால் இரண்டாவது இன்னும் கெடுக்கும் என்று பயம். ஊருக்கே உத்தரவு போட்ட எனக்கு, ஒரு சுற்று முழுக்க வாயில் வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் கண்டக்டர் குரல் சுவரைப் பிளந்தது.

“குதிரை கொடிக்காலுக்குள்ள எறங்கிருச்சுடோய்!”

அவருக்குச் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே குரல்தான். எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, நான் பயந்த காரியம் நடந்துவிட்டது. எப்படிக் கத்தினேன், எப்போது எழுந்து கதவில் கை வைத்தேன், எதுவும் ஞாபகமில்லை.

“கொடிக்காலுக்குள்ள குதிரையை விட்டவன் எவன்டா? கண்ணு தெரியலையா?”

மாடி முழுக்கச் சத்தம் நின்றுவிட்டது. கீழே வீட்டம்மா அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார்.

அதே வார்த்தை. கடையில் சொன்ன அதே ‘எவன்டா’, அதே போலப் பத்துப் பேர் முன்னால். நூல் மூட்டை மேல் உட்கார்ந்தேன். இனி பைக் வராது, பேத்தி படம் கிடையாது, மகள் போனில் ‘ஏன்ப்பா இப்படி’ என்று அழுவாள் என்று வரிசையாக ஓடியது. யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தது மாப்பிள்ளை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மாமா, அது நம்ம குதிரை இல்ல.”

“அப்ப யாரு குதிரை?”

“அவுங்க குதிரை. நம்ம குதிரை கரையில நிக்கிது. நீங்க சொன்ன எடத்துல.”

“நான் எங்க சொன்னேன்? உங்க இஷ்டம்னுதான நடுவர்…”

“நடுவருக்கு அது இஷ்டம். நீங்க சௌகரியப்பட்டான்னு சொன்னா அது உத்தரவுன்னு எனக்குத் தெரியாதா? இம்புட்டு வருசமாத் தெரியும்.” கதவை முழுசாகத் திறந்தார். “நீங்கதான் நம்பல.”

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்திரிங்க. வந்து பாருங்க.”

“அண்ணே, வெளிய வரக் கூடாது!” நடுவர் ஓடிவந்தார். “தளபதி மேஜையைப் பாத்துட்டா ஆட்டம் போச்சு. கத்துனதுக்கே ஒரு சுற்று வெட்டணும்.”

“போனாப் போகுதுங்கய்யா, அவரு பாக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை.

“மாப்ள, ஜெயிக்கிற ஆட்டம்யா!” என்று கண்டக்டர் தலையில் கை வைத்தார்.

மாப்பிள்ளை கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்தேன். எதிரிக் குதிரைகள் அகத்தி மரத்துக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக மாட்டிக்கொண்டு நின்றன. கரையின் வளைவில் எங்கள் குதிரைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரு மூக்குக்கூட வெளியே நீளாமல் நின்றன. நானே நின்று நிறுத்தியிருந்தாலும் அவ்வளவு நேராக வந்திருக்காது. இதை நான் சுலபமாகச் சொல்கிறவன் இல்லை.

“நல்லா நிறுத்திருக்கீங்க” என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

நடுவர் விதிப்படி எங்களைத் தோற்றதாக அறிவித்தார். பேங்க் மேனேஜர் முறுக்கோடு மேலே வந்து, “நான் ஒண்ணுமே பண்ணலியே, எப்படி ஜெயிச்சேன்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கண்டக்டர் அவரிடமிருந்து முறுக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

படி இறங்கும்போது மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. பைக்கில் சாவி போட்ட பிறகு திரும்பிப் பார்த்தார்.

“பாப்பாவைப் படத்துல என்னத்துக்குப் பாக்கணும்? கடைக்கு வாங்க. கடையையும் நீங்க பாக்கல.”

அவர் வாயால் கூப்பிட்டுவிட்டார்.

அந்த வாரமே வாடிப்பட்டிக்குப் போனேன். வழி நெடுக, வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். கடை வாசலில் காலை வைத்ததும் கண்ணில் பட்டுவிட்டது. காட்சிக்கு வைத்திருந்த மோட்டாரின் பெயர்த்தகடு சுவரைப் பார்த்து இருந்தது. வாங்க வருகிறவன் எப்படிப் படிப்பான்? வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் காபி டம்ளரோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், மூச்சைப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி என் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

காபியை வாங்கிக் குடித்தேன். சூடு. நாக்கு வெந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று.

“கடை நல்லாருக்கு மாப்ள” என்றேன்.

மகள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அந்தத் தகடு இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு முறை அங்கே போகிறேன், ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருவது பெரிய பாடு. ஆனால் நான் செய்கிறேன். என்னைப் போல இதை வேறு எவனாலும் செய்ய முடியாது.