காப்புக் கட்டிய ஊரில் பெட்டிக்காரர்

காசிமாயனின் பிழைப்பு பாதி மலையிலும் பாதி தரையிலுமாக ஓடியது. மதுரையில் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் கற்றவர். கம்பெனி கலைந்தபோது, சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவர் பெட்டிக்காரர்.

மார்கழியில் போடிமெட்டுக்கு அப்பால் துரைமார் கிளப்பில் வேலை. கூலிகள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து மலையேற்றிய பியானோ ஒன்று அங்கே நின்றது. மலை ஈரம் குடித்து அதன் கட்டைகளில் பாதி ஊமையாகிவிட்டது. மிச்சமிருந்தவற்றை வைத்துக்கொண்டே துரைகளையும் துரைசாணிகளையும் விடிய விடிய ஆட வைப்பார். அவருக்குச் சோறு மட்டும் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் போடுவார்கள். பொங்கல் கழிந்ததும் கீழே இறங்குவார். மலையடிவாரத்து ஊர்களில் திருவிழா தொடங்கிவிடும். வைகாசி வரைக்கும் ஓய்வு கிடையாது. மனைவி செல்லக்கிளி மலைமேல் ஏலத்தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே இருந்து களை வெட்டுவாள்.

அந்த வருஷம் பங்குனியில், பொட்டிபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் அம்மன் திருவிழா. நாடகக்காரர்கள் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கூட்டமாக வந்து ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். பெட்டிக்காரர் அப்படிப் போக முடியாது. சாயங்காலம் முளைப்பாரிக் கும்மிக்கு வாசிக்க வேண்டும், விடிகாலை பஜனைக்கு வாசிக்க வேண்டும், நடுவில் நாடகம். எனவே ஊர்க்காரர்களோடு அவர் கையிலும் மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவர் பகலில் எல்லை தாண்டலாம். ஆனால் இரவு வேற்றூரில் தங்கக் கூடாது. தங்கினால் ஆத்தா பொறுக்க மாட்டாள், வீட்டில் ஓர் உயிரை எடுத்துக்கொள்வாள் என்பது ஊரார் நம்பிக்கை.

அந்த ஊர்ப் பெண்கள் பாட்டில் கெட்டிக்காரிகள். பெட்டி ஒரு சுரம் கொடுத்தால் ஒன்பது பாட்டு எடுப்பார்கள். "பெட்டிக்காரரு கை ஓயட்டும், அப்பத்தான் நாங்க நிறுத்துவோம்" என்று ஒருத்தி வம்புக்கு இழுத்தாள். அவரும் கை சளைக்காமல் வாசித்தார்.

மூன்றாம் நாள், ஏலத்தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் பொதிமாட்டுக்காரர் பெரியகருப்பன் ஊர் எல்லையில் வந்து நின்று ஆள் விட்டார். காசிமாயன் போனார்.

"தம்பி, ஒம் பொண்டாட்டிக்கு மலைக்காய்ச்ச. நடுக்கம் விட மாட்டேங்குது. கீழ எறக்கி போடி ஆஸ்பத்திரியில சேத்தா பொழச்சுக்குவா."

"யாராச்சும் தூளி கட்டித் தூக்கிட்டு வரக் கூடாதாண்ணே?"

"கங்காணி விட மாட்டேங்கிறான். புருசன் வந்து கேட்டாத்தான் எறக்குவானாம். நோவுன்னு சொல்லிட்டு முன்பணத்தோட ஓடிப் போயிருவாகளாம்."

காய்ச்சலில் கிடப்பவள் எந்தக் காலால் ஓடுவாள் என்று கங்காணியைக் கேட்க அந்த மலையில் ஒருவரும் இல்லை. தோட்டத்துக்கு ஏற ஒரு பகல், இறங்க ஒரு பகல். நடுவில் ஒரே ஒரு இரவுதான்.

காசிமாயன் நேராக ஊர்ப் பெரியதனக்காரர் சின்னமுத்துவிடம் போனார். போகும்போது அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. முந்தின நாள்தான் சின்னமுத்து மதுரைக் கோர்ட்டில் வாய்தா என்று சொல்லி, தன் காப்பைக் கழற்றிக் கோயில் வேப்பமரத்தில் கட்டச் சொல்லியிருந்தார். பூசாரியும் ஆத்தாவிடம் உத்தரவு வாங்கிக் கட்டிவிட்டார்; திரும்பி வரும்வரை அவருக்குப் பதிலாக மரம் காப்பில் இருக்குமாம். வண்டி பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காசிமாயன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"எங்காப்பையும் அந்த மரத்துலயே கட்டிருங்க, ஐயா. ஒரு ராத்திரிதான்."

"கோர்ட்டுங்கிறது சர்க்கார் சோலி, அப்பு. ஒஞ்சோலியும் அதுவும் ஒண்ணா? காய்ச்ச வரும், போகும். ஆத்தா பாத்துக்குவா. நீ போயிட்டா கும்மிக்கு யாரு வாசிக்கிறது?"

வண்டி கிளம்பிப் போய்விட்டது. பணக்காரனின் வழக்குக்கு வழிவிட்ட தெய்வம் ஏழை மனைவியின் உயிருக்கு விடாதா என்று பூசாரியைக் கேட்டார். பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்.

அப்போதும் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. காப்பை அறுத்தெறிந்துவிட்டு அவர் நடந்திருக்கலாம். அரிவாளோடு ஒருவரும் மறிக்கவில்லை; திட்டியிருப்பார்கள், அடுத்த வருஷம் கூப்பிடாமல் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். எல்லைக் கல் வரைக்கும் போனார். மலை எதிரே தெளிவாக நின்றது. காப்பில் விரல் வைத்தார். அறுத்தால் ஆத்தா ஓர் உயிரை எடுப்பாள். எடுப்பதென்றால் காய்ச்சலில் கிடக்கும் செல்லக்கிளியைத்தானே முதலில் எடுப்பாள்? இந்த எண்ணம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அவளைக் காப்பாற்றுவதற்காகவே அவர் அவளிடம் போகவில்லை. மனிதரின் அன்பைக்கூட அவருக்கு எதிராகவே திருப்பிவிடத் தெரிந்தவர்கள்தாம் இந்தச் சாத்திரங்களைக் கட்டியவர்கள்.

மிச்ச நாள்களும் வாசித்தார். முன்னை விட நன்றாக வாசித்தார் என்று ஊரார் சொன்னார்கள். ஒரு சுரம் பிசகினாலும் ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்ற பயத்தில் வாசித்த வாசிப்பு அது. மதுரையிலிருந்து திரும்பிய சின்னமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். அவர் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாகவே இருந்தார்கள்.

காப்பு அவிழ்த்த காலையில் காசிமாயன் பெட்டியைக் கோயில் மண்டபத்திலேயே போட்டுவிட்டு மலையேறினார். வழியில் எங்கும் உட்காரவில்லை. லயத்தை அடைந்தபோது மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு இருளம்மாள் அவரைக் கண்டதும் தலைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முந்தாநாளே செல்லக்கிளியை ஓடைக் கரையில் புதைத்துவிட்டிருந்தார்கள்.

அவர் ஓடைக் கரைக்குப் போய் உட்கார்ந்தார். லயத்து ஆள்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அடிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார், காப்புக் கட்டியிருந்தேன் என்று.

"காப்புக் கட்டிட்டா எப்பிடி வர முடியும், தம்பி?" என்றாள் இருளம்மாள். "பொதிமாட்டுக்காரரு திரும்பி வந்து சொன்னதும் அவளும் அதத்தான் சொன்னா. எம் புருசன் காப்புல இருக்காரு, மறுபடி கூப்புடாதீகன்னா. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

சுற்றி நின்ற எல்லாரும் ஆமென்று தலையசைத்தார்கள். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. அவர்களில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

"வந்திருக்கலாம், மதினி" என்றார் காசிமாயன். "வழியில யாரும் மறிக்கல. நாந்தான் வரல."

துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்து, இருளம்மாள் அவருக்குச் சுக்குத்தண்ணி வைக்க எழுந்து போனாள்.