சத்யராஜின் ஸ்பிரிங் மிதி

என் தம்பி சத்யராஜ் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பள்ளியில் அவன் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனவனுக்கே, செயின் கழன்றுவிடும், மெதுவாகப் போ என்று சொன்னவன். ஐ.டி.ஐ. முடித்து, காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற சாலையில் மொபெட், பைக் பழுது பார்க்கும் பட்டறை வைத்தான். எங்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் பலகை மாட்டிய முதல் ஆள் அவன்தான். நான் எட்டாவதோடு நின்று, வாலாஜாபாத் அரிசி ஆலையில் மாதிரி பார்க்கும் வேலைக்குப் போனேன். ஒரு கைப்பிடி அரிசியில் எத்தனை நொய், எத்தனை கல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

2018 மாசியில், பக்கத்துத் தெரு நெசவாளர் பரமசிவம் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. கனமான பட்டு நெய்யும்போது, தறிக்கு மேலே இருந்து சேலையில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத்தான் தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மிதி. சத்யராஜ் அவர் வீட்டுக்குப் போய் தறியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பழைய மொபெட் ஸ்பிரிங் இரண்டு, ஓர் இரும்புக் கை, இரண்டு கப்பி கொண்டுவந்து மாட்டினான். எட்டு முறை கழற்றி மாட்டினான். ஒன்பதாவது முறை பரமசிவம் மிதித்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா, பொட்டி மேல இருக்குதா, கழட்டிட்டியா?" என்று கேட்டார்.

ஸ்பிரிங் மிதி என்று தெருவே அதற்குப் பெயர் வைத்தது. அடுத்த வருடத்துக்குள் பதினோரு வீடுகளில் மாட்டினான்.

தறிச் சாமான் கடையும் வெல்டிங் பட்டறையும் வைத்திருக்கும் காசிநாதன் அவனைத் தேடி வந்தார். "அரசாங்க மானியம் வாங்கித் தர்றேன்பா. மாதிரிக்கு ரெண்டு செஞ்சு குடு" என்றார். கொடுத்தான். மானியம் வரவில்லை.

2023 சித்திரையில் காசிநாதனின் ஆட்கள் அந்தப் பதினோரு வீடுகளுக்கும் போனார்கள். "இது எங்க மொதலாளி காப்புரிமை. கழட்டலன்னா கோர்ட்டுக்கு வரணும்" என்று மிரட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறைக்குப் போனபோது, வாசலில் ஒன்பது மிதிகள் காயலான் கடை இரும்பு போலக் குவிந்து கிடந்தன. தம்பி ஒவ்வொன்றாகத் துடைத்து, எது யார் வீட்டுடையது என்று சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தான்.

நேராகக் காசிநாதன் கடைக்குப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை. "பஞ்சர் ஒட்றவன் கண்டுபுடிச்சான்னா, உங்க தெருவுல இருக்கறவங்களத் தவிர யார்மா நம்புவாங்க?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஆளை விழவைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சின்ன காஞ்சிபுரத்து மானஸா, தம்பியிடம் ஸ்கூட்டரைப் பழுது பார்க்க விடுகிறவர். சென்னையில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதித் தருவது அவர் வேலை. கேட்டதும் கைபேசியிலேயே தேடினார்.

"அக்கா, அவருக்கு இன்னும் காப்புரிமையே கொடுக்கலை. 2021 பிப்ரவரில விண்ணப்பம் போட்டிருக்கார், அவ்வளவுதான். மிரட்டினதெல்லாம் பொய். கொடுக்கறதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் எதிர்க்கலாம். ஆனா அந்தத் தேதிக்கு முந்தின சாட்சி வேணும்."

விண்ணப்பத்தை அச்செடுத்துத் தந்தார். பதினான்கு பக்கம். படங்களில் தம்பியின் மிதி அச்சு அசலாக இருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் காசிநாதன். நாட்டில் புதிதாகச் செய்கிறவர்கள் பெருக வேண்டும் என்று மேடையில் பேசுகிறார்கள். செய்ததை எங்கே போய்ப் பதிவதென்று பட்டறையில் இருப்பவனுக்கு யார் சொன்னார்கள்? தெரிந்தவன் பதிந்துகொண்டான்.

சாட்சிக்காக வருடம் வருடமாக யோசித்தேன். 2019 கார்த்திகையில் காசிநாதன் தன் பேத்தியின் காதணி விழாவுக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். குழந்தையின் படம் ஓர் ஓரத்தில் சின்னதாக. நடுவில் அவர், தம்பி செய்த மிதியின் மேல் கை வைத்தபடி. விழா முடிந்ததும் பரமசிவம் அதை எடுத்துப்போய்க் கொல்லையில் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார்.

இன்னும் அங்கேயே இருந்தது. சோப்புக் கறையைத் தேய்த்துக் கழுவினேன். "நெசவாளர் முழங்கால் காத்த விஞ்ஞானியே!" கீழே தேதி. ஸ்பிரிங், கை, கப்பி எல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெளிவாகத் தெரிந்தன.

"நாலு வருஷமா இவரு மூஞ்சிலதான் தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்" என்றார் பரமசிவம்.

மானஸா முதலில் சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. உங்ககிட்டேர்ந்து திருடினார்னு நிரூபிக்கப் பார்க்கலாம். கஷ்டம், ஆனா ஜெயிச்சா உங்க பேருக்கு வரலாம். இன்னொண்ணு, இந்த ஃப்ளெக்ஸ். விண்ணப்பத்துக்கு முன்னாடியே ஊரறிஞ்ச பொருள்னு ஆயிடும். ஊரறிஞ்சதுக்குக் காப்புரிமை கிடையாது."

"எனக்கும் வராதா?"

"வராது."

"அவருக்கு?"

"வரவே வராது."

"அப்ப ஃப்ளெக்ஸயே காட்டிடுங்கமா."

வெளியே வந்ததும், "நல்லா யோசிச்சியாடா? உன் பேரு போயிடும்" என்றேன்.

"ஒம்போது வூட்டுக்காரங்க என் மூஞ்சப் பாக்காம வாசல்ல வச்சிட்டுப் போனாங்கக்கா. அந்த ஆளும் ஒரு நாளு அப்டி நிக்கணும்."

அவன் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன். பெருமையாக இருந்தது.

மறு வருடம் விசாரணை காணொளியில் நடந்தது. "படத்தில் இருப்பது நீங்கள்தானா?" என்று அதிகாரி கேட்டார். "நான்தாங்க, ஆனா..." என்றார் காசிநாதன். அதிகாரி ஃப்ளெக்ஸின் கீழே இருந்த தேதியைச் சத்தமாகப் படித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஆணை வந்த அன்று, காசிநாதன் காசு கொடுத்து வரையவைத்த அந்தப் படங்களை நாற்பது ஜெராக்ஸ் எடுத்தேன். இனி அதை யார் பார்த்துச் செய்தாலும் அவர் கேட்க முடியாது. ஓரிக்கையிலிருந்து வாலாஜாபாத் வரை, லேத், வெல்டிங் என்று ஒரு பட்டறை விடாமல் இருவரும் கொடுத்தோம். ஆறு வாரத்தில் ஏழு பட்டறைகள் மிதி செய்யத் தொடங்கின. காசிநாதன் முன்கூட்டியே செய்து அடுக்கிய இருநூறு மிதிகளும் வாங்க ஆளில்லாமல் அவர் கிடங்கில் துரு ஏறிக்கொண்டிருந்தன.

கடைசிப் பிரதியை அவர் கடைக்கே கொண்டுபோனோம். இந்த முறை எழுந்து நின்றார். கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"படம் நல்லா வரைஞ்சிருக்காங்க மொதலாளி" என்றான் தம்பி. "நாலாவது பக்கத்துல கப்பி தலகீழா இருக்குது. பாத்து செய்யுங்க."

"இவ்ளோ செஞ்சியே, உனக்கு இன்னாடா கெடச்சுது?"

"உங்களுக்குக் கெடைக்கலயே. அது போதும்."