அல்சூரில் ஒழுகாத கூரை

கூரைத் தகடு விற்பவன் பொய் சொன்னால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும் என்பார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. ஒரு கதையைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே சொல்லி, ஷீட் விற்றிருக்கிறேன். எங்கள் கடை ஃபிட்டர் அந்தோணி சொன்ன கதை அது. பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட சாய்வே இல்லாமல் சாதாரண ஷீட் போட்டு ஸ்க்ரூ அடித்தானாம்; இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். மாடியில் ஷீட் போட்டுவிட்டு மழைக்குப் பக்கெட் தேடும் வாசகர்களே, உங்களில் சிலருக்கு இதைச் சொன்னதே நானாக இருக்கலாம்.

ஈசான்ய மூலை

சேலத்திலிருந்து வந்து ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர். அவர் மாடியில் மழைநீர்க் குழாய் தென்மேற்கில் இருந்தது. அந்தப் பக்கம் சாய்த்தால் தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் தண்ணீர் வடகிழக்கு ஈசான்யத்துக்குத்தான் ஓட வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். அங்கே மாடியிலேயே பூஜை அறை. அதன் கதவு திறக்க வேண்டும் என்பதால் ஷீட்டை இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்க முடியவில்லை. போதாது என்றேன். கேட்கவில்லை.

முதல் மழைக்குப் பிறகு போனால், கூரை நடுவில் குளம். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நிக்கட்டும் சார். ஈசான்யத்தைப் பார்த்துதானே நிக்குது?"

பள்ளத்தில் ஸ்க்ரூ

இன்னொரு வீட்டில் ஒழுகியது. ஏறிப் பார்த்தேன். ஷீட்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். தண்ணீர் பள்ளத்தில் ஓடும். அந்தோணி எல்லா ஸ்க்ரூவையும் பள்ளத்திலேயே அடித்திருந்தான். ஸ்க்ரூ தலைக்கு அடியிலிருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்தால் ஒவ்வொரு துளையும் ஒரு குழாய்.

"மேட்டுல அடிச்சா ஷீட் அமுங்குது. பள்ளத்துலதான் கெட்டியா புடிக்கும்" என்றான். ஒழுகுதேப்பா என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது: "காத்துக்கு ஒரு ஷீட் பறந்திருக்கா அண்ணே? அதைச் சொல்லுங்க முதல்ல!"

டீச்சர் வீட்டு அறை

ஸ்டெல்லா டீச்சர் ஆஸ்டின் டவுனில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். ஜூனில் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்குவதற்காக மாடியில் ஓர் அறை. பின்வீட்டு ஜன்னலை மறைக்கக் கூடாது என்பதால் பன்னிரண்டு அடிக் கூரைக்கு மூன்று அங்குலச் சாய்வுதான் கிடைத்தது. இதற்கெல்லாம் ஓரங்களை மடித்து ஒன்றோடொன்று பூட்டும் ஷீட்தான் சரி. மேலே துளையே வராது. விலை கூட. டீச்சர் தயங்கினார். பழக்கதோஷத்தில் என் வாய் அல்சூர் கதையைச் சொல்லிவிட்டது. "அப்ப சாதாரணமே போதும் சார்" என்று சந்தோஷமாகப் போனார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தொட்டிலை எந்த ஸ்க்ரூவுக்குக் கீழே கட்டுவார்கள் என்றே யோசனை. இத்தனை வருடத்தில் அந்த அல்சூர் வீட்டை நான் ஏன் போய்ப் பார்க்கவில்லை? சோம்பலா? பார்த்துவிட்டால் கதையைச் சொல்ல முடியாமல் போகும் என்ற பயமா? மறுநாள் போன் செய்தேன். "டீச்சர், ஆர்டரை நிறுத்திட்டேன். அந்தக் கதையை நம்பாதீங்க. நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்ல."

டீச்சர் வகுப்பறைக் குரலில் சொன்னார்: "சரி, மடிப்பு ஷீட்டே போடுங்க. ஆனா, இதுவரைக்கும் அந்தக் கதையைக் கேட்டு வாங்கினவங்களுக்கெல்லாம் யார் சார் போன் பண்றது?"

ஆதாரம்

நேராக அந்தோணியிடம் போனேன். லாரியிலிருந்து ஷீட் இறக்கிக்கொண்டிருந்தான். அந்த வீடு எந்தத் தெரு என்று கேட்டேன்.

"ஒரு பாதாம் மரம் இருக்கும்ணே. இப்ப வெட்டியிருப்பாங்க."

"ஒழுகலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னண்ணே இது, ஒழுகினா சும்மா இருப்பாங்களா? இத்தனை வருஷத்துல ஒரு போன்... ஒரே ஒரு போன் வந்திருக்கா?" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

யாரும் புகார் சொல்லாததைத்தான் இவ்வளவு காலம் உத்தரவாதம் என்று விற்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெதுவாகக் கேட்டேன்: "அவங்ககிட்ட உன் நம்பர் இருக்கா, அந்தோணி?"