போர்பன் மணக்காத மாதங்கள்

விம்பிள்டனில் ஒரு மதுக்கடையில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில் பெட்டி தூக்கத்தான் என்னை எடுத்தார்கள். எனக்கு நல்ல மூக்கு இருப்பதைக் கடை முதலாளி பிறகுதான் கண்டுபிடித்தார். ஒரு கிளாசை மணந்து பார்த்து அதில் என்னென்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவேன்.

குடிப்பதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி மட்டும் பிடிக்கும். சோளத்தில் வடித்து, உட்புறத்தைத் தீயால் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் முதலில் வனிலா வரும். அடுத்து, சீனி உருகிக் கருகத் தொடங்குகிற மணம். கடைசியில் மரமும் புகையும். விலை கூடிய போத்தல் கேட்டு வருகிறவர்களை முதலாளி நேராக என்னிடம் அனுப்புவார்.

ஊரெங்கும் தொற்று பரவிய அந்தக் குளிர்காலம் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமையில் எழும்பிவிட்டேன். மணம் மட்டும் திரும்பவில்லை. நான் படுக்கையில் கிடந்த நாட்களில்தான் ஜெர்மனியில் இருந்த என் அண்ணையும் அதே காய்ச்சலில் செத்துப்போனார். என்னை ஊரிலிருந்து ஜெர்மனிக்கு எடுப்பித்தவர் அவர்தான். செத்தவீட்டைப் போனில் பார்த்தேன். நடுவில் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்து மனைவி அழுதாள். நான் எழும்பி முகம் கழுவிவிட்டு, கவுன்சிலிலிருந்து வந்திருந்த கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். குப்பை எடுக்கிற நாளை மாற்றியிருந்தார்கள். அன்றைய நாளில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அந்தக் கடிதம்தான்.

வேலைக்குத் திரும்பினேன். மணக்கவில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொற்கள் எல்லாம் மனப்பாடம். கிளாசை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, வனிலா என்பேன், கருகிய சீனி என்பேன். ஆட்கள் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், எழுபது வயது இருக்கும், ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்தார். நல்ல போர்பன் ஒன்று வேண்டும், சுவை பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். மேசையில் ஒரே மாதிரி இரண்டு போத்தல்கள் நின்றன. ஒன்று சுவை பார்க்கத் திறந்து வைத்தது. மற்றது கடை ஜன்னலில் அழகுக்கு வைக்கிறது. அந்த வெறும் போத்தலில் அன்று காலை நானே நிறத்துக்காக ஆறிய தேயிலைத் தண்ணியை ஊற்றி, ஜன்னலில் வைக்க மறந்துபோயிருந்தேன்.

இரண்டு கிளாசில் ஊற்றினேன். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை மூக்கருகே பிடித்தேன். மதுவின் காரத்தில் எரிய வேண்டிய மூக்கு எரியவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"முதலில் வனிலா வருகிறது. பிறகு கருகிய சீனி. கடைசியில் ஓக்கின் புகை," என்றேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். கிளாசை மெல்ல மேசையில் வைத்தார்.

"இது தேநீர்," என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் போத்தலைப் பார்த்தேன். காது சுட்டிருக்க வேண்டும், வெட்கம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மன்னிக்கச் சொல்லிவிட்டுத் துணியை எடுத்து, ஒன்றும் சிந்தாத மேசையைத் துடைத்தேன்.

"உங்களுக்கு மணக்காது, அப்படித்தானே? எப்போதிருந்து?"

"இரண்டு மாதம். என் அண்ணன் செத்துப்போனார்," என்றேன். இரண்டையும் ஏன் சேர்த்துச் சொன்னேனோ தெரியாது. அவர் செத்துவிட்டார் என்று நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

 அந்தப் பெண்மணி சரியான போத்தலைத் தானே எடுத்து ஊற்றிக்கொண்டு, முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். கென்டக்கியில் அவருடைய அப்பா விஸ்கிக் கிடங்கில் பீப்பாய் உருட்டியவராம். பீப்பாயிலிருந்து கசிகிற ஆவியில் ஒரு கறுப்புப் பூஞ்சணம் வளருமாம். கிடங்குச் சுவர், பக்கத்து மரங்கள், இவர்கள் வீட்டுச் சுவர், எல்லாம் கறுப்பு. ஒவ்வொரு வசந்தத்திலும் அம்மா தேய்த்துக் கழுவுவார், அடுத்த வருடம் திரும்ப வந்துவிடும்.

"அப்பா வாசலுக்கு வரும்போதே எங்களுக்கு மணக்கும். அவருக்கு மட்டும் தெரியாது. பழகிப் பழகி மூக்கு செத்துவிட்டது. வேலையில் யாரிடமும் அவர் சொல்லவில்லை."

"பிறகு?"

"பிறகு ஒன்றுமில்லை. ஓய்வு பெறும்வரை உருட்டினார்."

அவர் அந்தப் போத்தலையே வாங்கிக்கொண்டு போனார். நான் பின்னறைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தமிழ்நாட்டுக்காரர். 

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். ஸ்டாக் ரூமைப் பாத்துக்கங்க. சரியானதும் பாப்போம்."

கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற வீட்டுக்கு நடந்தே வந்தேன். மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை," என்றேன்.

"ஓம், தெரியும். போன மாதம் பருப்பு அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை. நீங்கள் பக்கத்தில இருந்து போன் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்." வெங்காயத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள், "அண்ணியும் உங்கடை போனுக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா. ஒருக்கா எடுங்கோவன்."

எடுத்தேன். மூன்றாவது மணியில் அண்ணி போனை எடுத்தா. என்ன சொல்வதென்று தெரியாமல், கடையில் நடந்ததைச் சொன்னேன். 

"உங்கடை அண்ணையும் அப்பிடித்தான்," என்றா. "ஆஸ்பத்திரிக்குப் போற அண்டைக்குக் காலமை கோப்பியைக் குடிச்சிட்டு, என்னப்பா வெறும் சுடுதண்ணியைத் தாறாய் எண்டு என்னை ஏசினவர். நானும் திருப்பி ஏசிப்போட்டன்."

அண்ணி அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் போனை வைக்கவும் மனம் வரவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றேன்.

ஸ்டாக் அறையில்தான் இப்போதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணிக்கு எடுக்கிறேன். அவ கதைப்பா. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.