கரிசல் குடிக்காத தண்ணீர்

எண்பதுகளில் கோவில்பட்டி பெருகப் பெருக, ஊரோரத்தில் எங்கள் தெருக் கிணறு வற்றிப்போனது. மழைத்தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கினால் கிணறு ஊறும் என்று நம்பி, தெருவே சேர்ந்து பக்கத்தில் ஒரு குட்டை வெட்டினோம். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்த கையோடு மண் சுமந்தாள்.

ஐப்பசி மழையில் குட்டை தளும்பியது. அம்மா தினமும் கிணற்றில் வாளியை இறக்கிப் பார்த்தாள். வெறும் சேறுதான் வந்தது.

"ஏலே, கண்ணு முன்னால இம்புட்டுத் தண்ணி கெடக்கு, கெணத்துக்கு ஒரு சொட்டு போவ மாட்டேங்குதே!" என்று என்னிடம் கத்தினாள்.

நான் என்ன செய்ய? நனைந்த கரிசல் மண் உப்பி, தண்ணீர் இறங்க வழியில்லாமல் இறுகிவிட்டது. குட்டைக்குள் இறங்கி அடியில் கடப்பாரையால் குத்தினேன். உருவின உடனே ஓட்டையைச் சேறு மூடிக்கொண்டது. எரிச்சலில் மண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆடுகள் குடித்தது போக மிச்சத்தை வெயில் குடித்தது.

சித்திரையில் குட்டை காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்தது. அம்மா ஒரு வெடிப்பில் கையை விட்டாள். முழங்கை வரை போனது.

"இப்பத்தான் வாயைத் தொறக்குது, சனியன்!" என்றாள்.

அதில் ஊற்ற எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீர் இல்லை.